யாரும் பார்க்காத பாதம்

எங்கள் வீட்டில் சர்க்கரை நோயை முதலில் நிறத்தால்தான் அறிந்தோம். 1970களின் நடுவில், மன்னார்குடியில், அப்பா ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். விடிந்ததும் அம்மா கொல்லைப்புறத்தில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றுவார். கண்ணாடிச் சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர். மரக்கிடுக்கியால் குழாயைப் பிடித்து, தெறிக்காமல் ஆட்டி ஆட்டிச் சூடு காட்ட வேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, கடைசியில் செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கினால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம்.

"இன்னிக்குப் பச்சைதாங்க" என்று அம்மா உள்ளே பார்த்துச் சொல்வதற்காக அப்பா காத்திருப்பார். அந்த நிறத்தை மண்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதுவார். நெல் மூட்டைக் கணக்கை எழுதிய அதே குண்டு குண்டான கையெழுத்து. அத்தனை ஒழுங்கோடு தன் நோயைக் கவனித்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அந்த நிறம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை நூறு மில்லிக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதுவரை குழாய் நீலமாகவே இருக்கும். 90 ஆனாலும் நீலம், 170 ஆனாலும் நீலம், ஆபத்தாக இறங்கி 50க்குப் போனாலும் நீலம். வயது ஏற ஏற இந்த எல்லையும் ஏறலாம். அப்போது 200ஐத் தாண்டியும் நிறம் மாறாமல் இருக்கும். தவிர, குழாயில் இருப்பது இந்த நிமிடத்துச் சர்க்கரையும் இல்லை, இரவெல்லாம் சிறுநீர்ப்பையில் சேர்ந்தது. அப்பா வருஷக்கணக்கில் எழுதிய நீலங்களில் எத்தனை உண்மையான நீலம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் அதைப் பணக்கார வியாதி என்றார்கள். உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருவது என்று பேச்சு. மாதச் சம்பளத்தில் ஆறு பேரைக் காப்பாற்றிய, தினமும் மண்டிக்கு நடந்தே போய் வந்த ஒரு மனிதருக்கு அது வந்ததை ஊர் நம்பவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் நோயை மறைத்தார்கள். என் அத்தை ஒருத்தி, "வெளியே சொல்லாதே, பிள்ளைகளுக்கு வரன் வராது" என்று அப்பாவை எச்சரித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஊர் இப்படி இருக்க, சென்னையில் நீரிழிவுச் சிகிச்சையில் அப்போதே பெரிய வேலை நடந்திருந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948லேயே டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிவிட்டார். இந்தியாவின் முன்னோடிப் பிரிவுகளில் அதுவும் ஒன்று. 1954இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையையும் உருவாக்கினார். ஆனால் மன்னார்குடியிலிருந்து ராயபுரம் ரொம்ப தூரம். எங்களுக்கு வாய்த்தவர், காய்ச்சலுக்கும் பேதிக்கும் பிரசவத்துக்கும் ஓடுகிற ஒரே ஒரு டாக்டர்.

சோற்றை நிறுத்தச் சொன்னார்கள். நெல் மண்டியில் வேலை, நாலு பக்கமும் வயல், வீட்டு மச்சில் வருஷத்து நெல், அப்பாவுக்கு மட்டும் கோதுமைக் கஞ்சி. அம்மா தனி அடுப்பில் தனிச் சமையல் செய்தார். அச்சடித்த காகிதத்தில் ஒரு பட்டியல் வந்தது: வெண்டைக்காய், கத்தரிக்காய், கீரை சாப்பிடலாம், கிழங்கு வகை, வாழைப்பழம், வெல்லம் கூடாது. ஏன் கூடாது, எவ்வளவு என்றால் பரவாயில்லை என்று அந்தக் காகிதத்தில் இல்லை. அதனால் அப்பா அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார். கோதுமையும் மாவுச்சத்துதான், கஞ்சியாகக் குழையக் காய்ச்சினால் அது சோற்றைவிட வேகமாகக்கூட ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், அளவு குறைத்து, காயும் பருப்பும் கூட்டி, அவர் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்தே ஒரு கைப்பிடி சோறு சாப்பிட்டிருக்கலாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

முதலில் மாத்திரை. குளோர்புரோபமைடு என்று பெயர். கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே வரச் செய்கிற மருந்து. உடம்பில் ஒரு நாளுக்கு மேலும் நின்று வேலை செய்யும். ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தார். மத்தியானம் சட்டை நனைய வியர்த்தது, கை நடுங்கியது, என்னை என் பெரியம்மாவின் பெயரால் கூப்பிட்டார். விரதத்தில் வந்த மயக்கம் என்று பக்கத்து வீட்டார் விசிறினார்கள். அம்மாவுக்கு எப்படித் தோன்றியதோ, ஒரு பிடி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் அப்பா தெளிந்தார். சாயங்காலம் மறுபடி அதே நடுக்கம். நீண்ட நேரம் நிற்கும் மருந்து என்றால் இறக்கமும் திரும்பத் திரும்ப வரும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுத்தது சரியா என்று அம்மா பல மாதம் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. இன்றைக்கும் மருத்துவம் அதையேதான் சொல்கிறது: 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை, ஏறாவிட்டால் மறுபடி சர்க்கரை, ஏறிய பிறகு சாப்பாடு. ஆள் நினைவிழந்திருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனை.

பிறகு ஊசி. கண்ணாடி சிரிஞ்சைப் பிரித்து, ஊசியோடு அலுமினியப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பார் அம்மா. ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் புட்டி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இருக்கும். பால்போல் கலங்கிய லென்டே இன்சுலின், மில்லிக்கு 40 யூனிட். மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது என்று கம்பவுண்டர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்துக் கும்பிடுகிற வீடு, வெங்காயம்கூட எல்லா நாளும் புழங்காத அடுப்படி. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "மருந்துக்குத் தோஷம் இல்லே" என்று மட்டும் சொல்லி, மறுநாளும் அதே நேரத்துக்குப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்.

அந்தப் புட்டிக்குப் பின்னால் இருந்த கதையை நான் கல்லூரியில்தான் படித்தேன். 1921இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி. 1922 ஜனவரி 11 அன்று லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து தூய்மையாக இல்லை; ஒவ்வாமை வந்தது. காலிப் என்ற வேதியியலர் இரவு பகலாக அதைச் சுத்திகரித்தார். ஜனவரி 23இல் போட்ட ஊசி பலித்தது. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர மருத்துவத்துக்கு வேறு வழி இருந்ததில்லை. அந்த மருந்து ஐம்பது வருஷத்தில் எங்கள் கொல்லைப்புறப் பானைவரை வந்து சேர்ந்தது. அதை நான் மனித குலத்தின் பெரிய கருணைகளில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

இத்தனையும் இருந்தும் அப்பாவின் கால் போயிற்று.

மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலில் பங்குனித் திருவிழா பதினெட்டு நாள். பங்குனி வெயிலில் பிரகாரத்துக் கல் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் நிழல் பார்த்துத் தாவித் தாவிப் போவார்கள். அப்பா மட்டும் நிதானமாக நடந்தார். பக்தி என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். சூடு அவருக்கு உறைக்கவே இல்லை. வருஷக்கணக்காக ஏறி நின்ற சர்க்கரை பாதத்து நரம்புகளை முன்பே மரக்கச் செய்திருந்தது. முதலில் போவது நீளமான நரம்புகளின் நுனி. அதனால்தான் விரலில் தொடங்கி மேலே ஏறும். முதலில் எரிச்சல், பஞ்சில் நடப்பதுபோல் ஒரு உணர்வு, அப்புறம் ஒன்றுமே தெரியாது. வலி நின்றதும் நோய் குணமாகிறது என்று மனிதர் நினைத்துக்கொள்கிறார். வலி நிற்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

உள்ளங்காலில் கொப்புளம் கண்டதை வீட்டில் யாரும் அறியவில்லை, அவருக்கே தெரியவில்லை. வேட்டியில் நீர் கசிந்த கறையைத் துவைக்கும்போது அம்மாதான் பார்த்தார். அதற்குள் சீழ் பிடித்திருந்தது. அன்று காலையும் சோதனைக் குழாய் பச்சைதான் காட்டியது. மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். டாக்டர் பென்சிலின் போட்டார். கட்டை விரல் கறுத்தது. மாவட்டத் தலைநகரத்து மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவ்வளவு வருஷத்தில், அந்தப் புண் வருவதற்கு முன், எந்த மருத்துவரும் அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. வீட்டிலும் எல்லார் கண்ணும் குழாயின் மேலேயே இருந்தது. பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இது அன்றைய கதை. இன்றைக்கு அந்தப் பணக்கார வியாதி கூலி வேலை பார்ப்பவர் வீட்டில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் இன்னும் 13.6 கோடி. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். மறைப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை. டீக்கடையில் "எனக்கு சுகர், சக்கரை போடாதீங்க" என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் நிற்கும் இருவர் "எனக்கும்" என்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அப்பா மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போய் வாங்கியதை, எங்கள் தெருவில் ஒரு தன்னார்வப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மா இருந்திருந்தால் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்திருப்பார்.

எனக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இந்த நோய் வந்தது. குடும்பத்தில் உண்டு என்பதால் எதிர்பார்த்துச் சோதித்துக்கொண்டே இருந்தேன். அதனால் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. வெறும் வயிற்றில் 126, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 200, அல்லது மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதம்: இவற்றை எட்டினால் நீரிழிவு. இரண்டாம் வகையில் கண்டுபிடிக்கும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் செல்களின் திறன் ஏறக்குறையப் பாதி குறைந்திருக்கும் என்று பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வு கணக்கிட்டது. நோய் பல வருஷம் முன்பே நுழைந்துவிடுகிறது. நாம் பார்ப்பதுதான் தாமதம். 1998இல் வெளியான அதே ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்க் கோளாறுகள் 25 சதவீதம் குறையும் என்று காட்டியது. ஆரம்ப வருஷங்களில் காட்டிய அக்கறைக்கு அதற்கப்புறம் பத்து வருஷம் கழித்தும் பலன் இருந்தது. இந்த இரண்டு செய்தியும் என் அப்பாவுக்குக் கிடைக்காதவை.

மூன்று மாதச் சராசரி என்ற சோதனையை நான் மிக மதிக்கிறேன். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அத்தனை நாளும் ரத்தத்தில் மிதந்த சர்க்கரை அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் ஹோட்டலுக்குப் போகிறவர்கள் என் உறவிலேயே உண்டு. வெறும் வயிற்றுச் சோதனை அவர்களை விட்டுவிடும். இது விடாது. ஆனால் இதுவும் சராசரிதான். 50க்கும் 300க்கும் ஏறி இறங்குகிற ஒருவருக்கும் அழகான எண் வரலாம். ரத்தசோகை இருந்தாலும் கணக்குத் தவறும்.

சாப்பாட்டில் நடந்திருப்பது விசித்திரம். அப்பத்தா காலத்தில் வரகும் கம்பும் ஏழைகளின் உணவு. அரிசிச் சோறு நல்ல நாளுக்கு. மில் வந்து தவிட்டையும் முளையையும் உரித்து வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி எல்லார் தட்டுக்கும் வந்ததை வளர்ச்சி என்று கொண்டாடினோம். இப்போது அதே வரகு அழகான பாக்கெட்டில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு வருகிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. நல்லதுதான். ஆனால் வரகரிசிச் சோற்றையும் மலைபோல் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். கேழ்வரகை மாவாக்கிக் கூழ் காய்ச்சினால் வேகமாகவே ஏறும். "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய இனிப்பில் மைதாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. எது என்பதைவிட எவ்வளவு, எதோடு என்பதுதான் முக்கியம்: பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் தட்டுதான் சோறு. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், இன்சுலின் குறைவாக இருந்தாலும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அப்பா மண்டிக்கு நடந்தது பிழைப்புக்காக. எனக்கு அதே நடையை டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதித் தருகிறார்.

இவ்வளவு தெரிந்த பின்னும் இன்சுலின் பயம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூத் தேநீர், சிறுகுறிஞ்சான் பொடி என்று மூன்று மாதம், ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஆறு மாதத்தில் கண்ணும் சிறுநீரகமும் காத்திருப்பதில்லை. பாகற்காயைக் கறியாகத் தாராளமாகச் சாப்பிடலாம். எழுதித் தந்த மருந்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடக் கூடாது. முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்கிற எவரும் அந்த உயிரோடு விளையாடுகிறார். ஊசி போடுகிறவர்களுக்கு இன்னொன்று. நம் ஊரில் புட்டி மருந்து பெரும்பாலும் 40 யூனிட் கணக்கு; அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். மருந்துக்கடையில் வாங்கும்போதே மூடி நிறத்தைப் பாருங்கள்.

என் தங்கை மகனுக்கு முப்பது வயது தாண்டியதும் இந்த நோய் வந்துவிட்டது. மேல்கையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செல்போனில் எண் வருகிறது. அம்மாவின் சோதனைக் குழாயிலிருந்து இதுவரை வந்த தூரத்தை நினைத்து நான் பிரமித்திருக்கிறேன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன்: "தம்பி, காலை யாராவது பாத்தாங்களாடா?" "எதுக்குப் பெரியம்மா? கால்ல ஒண்ணும் இல்லியே" என்றான். கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா? இல்லை. சிறுநீரில் அல்புமின் பார்த்தார்களா? கிரியாட்டினின் மட்டும் பார்த்திருக்கிறார்கள். அது ஏறும்போது சிறுநீரகம் ஏற்கனவே பெருமளவு பழுதாகியிருக்கும். எண் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அந்த எண் எதைக் காப்பதற்காக என்று ஒருவரும் அவனிடம் உட்கார்ந்து பேசவில்லை. அப்பா மண்டி நோட்டில் நிறம் எழுதினார், இவன் செல்போனில் வரைகோடு பார்க்கிறான். பாதம் அன்றும் இன்றும் செருப்புக்குள்ளேயே இருக்கிறது.

அவனை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பாதத்தைச் சோதிக்கச் செய்தேன். நைலான் இழை ஒன்றை, கண்ணை மூடச் சொல்லி, விரல்களிலும் உள்ளங்காலிலும் வளையும்வரை அழுத்துகிறார்கள். பத்து கிராம் அழுத்தம். படுவது தெரிகிறதா என்று கேட்கிறார்கள். அவனுக்கு எல்லா இடத்திலும் தெரிந்தது. நான் அங்கேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். இரவு படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்து, அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லி. விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். சுடுதண்ணீரைக் காலால் சோதிக்காதீர்கள், முழங்கையால் சோதியுங்கள். செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம். கோயிலுக்கு வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். வெயிலில்தான் போக முடியும் என்றால் தடித்த காலுறை போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையையும் சிறுநீர் அல்புமினையும் பாருங்கள். டாக்டரிடம் போனால் சீட்டை நீட்டும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, "காலையும் பாத்துடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். நீரிழிவால் நீக்கப்படும் கால்களில் பெரும்பாலானவை ஒரு சிறு புண்ணில் தொடங்கியவை. நைலான் இழைச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.